ஸ்டார்ட் ஆனா போதுமா பாஸ்... நிக்க வேணாமா?

லஸ் கார்னர்லேர்ந்து உள்ளே போற சந்துகள், அடையாறு காந்தி நகர், தி.நகர்ல இன்னும் அபார்ட்மென்ட் ஆகாம மிச்சம் இருக்கிற தனி வீடுகள்... இந்தப் பக்கமெல்லாம் நடக்கும்போது கேட்டுக்குப் பின்னால எட்டிப் பார்த்திருக்கீங்களா? தார்ப்பாய் போர்த்திக்கிட்டு, நாலு டயர்லயும் காத்து இல்லாம ஒரு பழைய கார் தூங்கிட்டிருந்தா நீங்க அதிர்ஷ்டசாலி. அதுவும் ஹெட்லைட்டுக்கு மேல புருவம் வரைஞ்ச மாதிரி ஒரு முகம் தெரிஞ்சா, அது ஸ்டாண்டர்டு ஹெரால்டா இருக்க நிறைய வாய்ப்பு. நம்ம மெட்ராஸ் தயாரிப்பு!

அது உங்க தாத்தாவோட வண்டின்னு வெச்சுக்குவோம். பேட்டரி மாத்தியாச்சு. பெட்ரோல் டேங்க்கைக் கழுவியாச்சு. கார்புரேட்டரைப் பிரிச்சு மேய்ஞ்சாச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இன்ஜின் 'டுர்ர்ர்'னு உறுமுது. வீடே கை தட்டுது. பாட்டி எலுமிச்சம்பழத்தோட ரெடி. "கோயில் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாமா தாத்தா?"ன்னு நீங்க சாவியை எடுக்கிறீங்க.

ஒரு நிமிஷம்! அதை ஓட வைக்க ஆறு மாசம் உழைச்சீங்க. நிக்க வைக்க?

பெயின்ட் கண்ணுக்குத் தெரியும். க்ரோம் பளபளக்கும். இன்ஜின் காதுக்குக் கேக்கும். ஆனா யாரும் போட்டோ எடுத்து மாட்டாத ஒரு பார்ட் இருக்கு. கையில அடங்குற ஒரு இரும்புக் குழாய், அதுக்கு மேல ஒரு சின்ன ஆயில் டப்பா. பேரு, பிரேக் மாஸ்டர் சிலிண்டர். இந்த வாரம் அதைத்தான் கழட்டிப் பார்க்கப் போறோம். மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் மட்டும் இல்லை, பி.ஏ. தமிழும் பி.காமும் கூட வரலாம். ஸ்பானரைவிட கண்ணுக்குத்தான் இங்கே வேலை அதிகம்!

பெருங்களத்தூர் டு பாடி

முதல்ல கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். இங்கிலாந்துல 1959-ல் வந்த கார் டிரையம்ப் ஹெரால்டு. டிசைன் பண்ணவர் இத்தாலியைச் சேர்ந்த ஜியோவன்னி மிக்கெலோட்டி. 1961-லேர்ந்து அதை 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு'ங்கிற பேர்ல நம்ம ஊர்ல தயாரிச்சாங்க. சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் இருந்தது ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியோட ஃபேக்டரி. 948 சி.சி. இன்ஜின். 25 அடி வட்டத்துக்குள்ள திரும்பிடும். மயிலாப்பூர் மாடவீதிக்குன்னே செஞ்ச மாதிரி! 1960களோட பிற்பகுதியில நம்ம குடும்பங்களுக்காக நாலு கதவு மாடலும் வந்தது. இங்கிலாந்து ஹெரால்டுக்கே அந்த நாலு கதவு பாக்கியம் கிடையாது. 1980களின் கடைசியில கம்பெனி கார் உற்பத்தியை நிறுத்திடுச்சு.

ஹெரால்டோட பிரேக், கிர்லிங் டிசைன். லூகாஸ் நிறுவனமும் டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து 1962-ல் சென்னை பாடியில ஆரம்பிச்சது பிரேக்ஸ் இந்தியா. அதனாலதான் 'கிர்லிங்'ங்கிற இங்கிலீஷ் பேர், பிரேக் ஆயில் டப்பா வழியா நம்ம ஊர் மெக்கானிக் ஷெட்டுகள்ல வீட்டுப் பேர் மாதிரி புழங்குது. ஆக, நிக்க வைக்கிற விஷயத்துலயும் இந்த ஊருக்கு ஒரு பெரிய சரித்திரம் உண்டு.

கால்ல இருந்து சக்கரத்துக்கு

ஸ்கூல்ல படிச்ச பாஸ்கல் விதி ஞாபகம் இருக்கா? மூடின பாத்திரத்துல இருக்கிற திரவத்தை ஒரு இடத்துல அழுத்தினா, அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமா போகும். பரீட்சையில ரெண்டு மார்க். ரோட்டுல அதுக்கு மார்க்கே போட முடியாது.

ஒரு உதாரணக் கணக்கு. பிரேக் பெடலை 20 கிலோ பலத்தோட மிதிக்கிறீங்க. பெடல் ஒரு நெம்புகோல், அது 5 மடங்காக்குதுன்னு வெச்சா 100 கிலோ. மாஸ்டர் சிலிண்டருக்குள்ள இருக்கிற பிஸ்டனோட பரப்பு சுமார் 2 சதுர சென்டிமீட்டர்னா, உள்ளே இருக்கிற ஆயில்ல அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோ. கார் டயர்ல இருக்கிற காத்தழுத்தம் சுமார் 2 கிலோதான். அதைப் போல 25 மடங்கு! இந்த அழுத்தம் மெல்லிசான பைப் வழியா நாலு சக்கரத்துக்கும் போய், அங்கே இருக்கிற வீல் சிலிண்டரைத் தள்ளும். பிரேக் ஷூ விரிஞ்சு டிரம்மை உரசும். வண்டி நிக்கும்.

இவ்வளவு அழுத்தத்தையும் பின்னால கசிய விடாம பிடிச்சு வெச்சிருக்கிறது எது தெரியுமா? பழைய நாணயம் சைஸ்ல ஒரே ஒரு ரப்பர். நம்ம மெக்கானிக்குங்க 'பக்கெட்'னு சொல்ற கிண்ண வாஷர். 1921-ல் அமெரிக்காவோட டூசன்பெர்க் கார்ல நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக் வந்தப்பவே, கசிவுதான் பெரிய தலைவலி. ஆரம்பத்துல தோல் வாஷர் போட்டுப் பார்த்தாங்க. 1924-ல் வந்த கிரைஸ்லர் கார்ல ரப்பர் கிண்ணம் போட்ட பிறகுதான் இந்த பிரேக் நம்பிக்கைக்கு உரியதா மாறுச்சு. நூறு வருஷமா அந்த ரப்பரை நம்பித்தான் உலகம் நிக்குது.

ஒத்த ரப்பர், ஒத்த உயிர்

இப்போ வர்ற கார்ல மாஸ்டர் சிலிண்டருக்குள்ள ரெண்டு பிஸ்டன் இருக்கும். ரெண்டும் தனித்தனி சர்க்யூட். ஒண்ணு காலி ஆனாலும் இன்னொண்ணு பாதி பிரேக்காவது கொடுக்கும். அமெரிக்காவுல 1968 ஜனவரியிலேர்ந்து புது கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கினாங்க.

தாத்தாவோட ஹெரால்டுல அந்தக் கதையே கிடையாது. ஒரே பிஸ்டன், ஒரே சர்க்யூட், நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில். அந்த ஒத்த ரப்பர் கை விட்டா நாலு சக்கரத்துலயும் பிரேக் பூஜ்யம். மிச்சம் இருக்கிறது கேபிள்ல பின் சக்கரத்தை மட்டும் பிடிக்கிற ஹேண்ட் பிரேக். இன்ஜின் மக்கர் பண்ணா நடுரோட்டுல வெட்கப்படணும், அவ்வளவுதான். மாஸ்டர் சிலிண்டர் மக்கர் பண்ணா ரோட்டை க்ராஸ் பண்ற யாரோ ஒருத்தர் அதுக்கு விலை கொடுக்கணும்.

நாடி பிடிச்சுப் பாருங்க

கழட்டுறதுக்கு முன்னாடி வண்டி என்ன சொல்லுதுன்னு கேளுங்க. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, பெடலை அழுத்தி ஒரு நிமிஷம் அப்படியே பிடிங்க.

பெடல் மெதுவா, தூக்கம் வந்த மாதிரி கீழே இறங்குதா? வெளியே எங்கேயும் ஆயில் கசியலைன்னா, மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ரப்பரைத் தாண்டி ஆயில் தப்பிச்சுப் போகுதுன்னு அர்த்தம்.

பெடல் பக்கம், கால் வைக்கிற இடத்துல ஈரமா இருக்கா? பின்பக்க சீல் போயிடுச்சு.

பஞ்சு மெத்தை மாதிரி அமுங்குதா? பைப்ல காத்து நுழைஞ்சிருக்கு.

ரெண்டு மூணு தடவை அடிச்சாதான் பிடிக்குதா? காத்தா இருக்கலாம், இல்லைன்னா பிரேக் ஷூ தேஞ்சு, அட்ஜஸ்ட் பண்ணாம இருக்கலாம்.

டப்பா மூடியைத் திறந்து ஆயிலையும் பாருங்க. டீ டிகாக்ஷன் மாதிரி கறுத்திருந்தா, வேற எந்த டெஸ்டும் வேண்டாம். கழட்டிடுங்க.

கழட்டலாம் வாங்க

இதுல ஹெரால்டு ஓனர்ஸ் ஒரு காலரைத் தூக்கி விட்டுக்கலாம். இந்த வண்டியில பானெட்டும் மட்கார்டும் சேர்ந்து மொத்த மூக்கும் முன்னால சாயும். இன்ஜினைச் சுத்தி எல்லாமே கைக்கு எட்டும். மோரிஸ் மைனர் வெச்சிருக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க, அழுவாங்க. அதுல மாஸ்டர் சிலிண்டர் டிரைவரோட காலுக்குக் கீழே சேஸிஸுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். போல்ட்டை உருவ விடாம டார்ஷன் பார் வழி மறிக்கும்!

வண்டியைச் சமதரையில நிறுத்தி சக்கரத்துக்குக் கட்டை வைங்க. ஹெரால்டுல கிளட்சும் ஹைட்ராலிக்தான். அதனால பக்கத்துப் பக்கத்துல ரெண்டு சிலிண்டர் இருக்கும். பைப் சக்கரத்துக்குப் போகுதா, கியர்பாக்ஸுக்குப் போகுதான்னு பார்த்து, பிரேக் எதுன்னு உறுதி பண்ணிக்குங்க.

அடுத்து, சுத்தி இருக்கிற பெயின்ட்டைத் துணியால மூடுங்க. பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னுடும். சிந்தினா உடனே தண்ணி ஊத்திக் கழுவணும். டப்பாவுல இருக்கிற ஆயிலை மருந்துக் கடை சிரிஞ்சால உறிஞ்சி எடுங்க. ஊசி வேண்டாம், சிரிஞ்ச் மட்டும் போதும். அப்புறம் யூனியன் நட். இதுக்கு அட்ஜஸ்டபிள் ஸ்பானரைத் தூக்கிட்டு வராதீங்க. முனை மழுங்கிடும். அளவுக்குச் சரியான ஸ்பானர் போட்டு, நட்டோட சேர்ந்து பைப் முறுக்கிக்காம பார்த்துக் கழட்டணும். பைப் வாயை உடனே அடைச்சுடுங்க, தூசி போகக் கூடாது. புஷ் ராடு பெடலோட சேர்ற இடத்துல ஸ்ப்ளிட் பின்னை எடுத்துட்டு, குறுக்கே இருக்கிற பின்னை உருவுங்க. தாங்கிப் பிடிச்சிருக்கிற போல்ட்டைக் கழட்டினா... சிலிண்டர் உங்க கையில!

இனிமே வேலை தரையில கிடையாது. மேஜை மேல, வெள்ளைத் துணி விரிச்சு. ரப்பர் உறையை நீக்கி, சர்க்கிளிப்பை எடுத்தா புஷ் ராடு வெளியே வரும். பின்னாடியே பிஸ்டன், ஸ்பிரிங், முனையில ஒரு குட்டி வால்வு, எல்லாம் ஒரே கோவையா வரும். பெடலை விட்டிருக்கும்போது அந்த வால்வு திறந்து, மேல் டப்பாவுக்கு வழி விடும். மிதிச்ச உடனே மூடிக்கும். அழகான ஏற்பாடு. ஒவ்வொண்ணையும் வந்த வரிசையிலயே அடுக்கி, செல்போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க.

நகம் சொல்லும் தீர்ப்பு

இதுவரைக்கும் செஞ்சது ஸ்பானர் பிடிக்கத் தெரிஞ்ச எல்லாரும் செய்யலாம். இப்போதான் நிஜமான பரீட்சை.

சிலிண்டரைக் கழுவணும். எதால? பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல், மூணும் கூடவே கூடாது. அதுல கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் ரப்பர் ஊதிப் பெருத்து வீணாயிடும். புது பிரேக் ஆயில், இல்லைன்னா ஸ்பிரிட். துடைக்க நூல் உதிராத துணி. ஷெட்டுல கிடக்கிற காட்டன் வேஸ்ட் வேண்டாம். ஒரே ஒரு நூல் போதும், வால்வை மூட விடாம தடுக்க.

கழுவிட்டு, டார்ச் அடிச்சு உள்ளே பாருங்க. கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கணும். லேசான கறை இருந்தா பரவாயில்லை. ஆனா குழி? நகத்தை வெச்சு இழுத்துப் பாருங்க. நகம் மாட்டினா அந்த சிலிண்டருக்கு அந்த நிலைமையில ஓய்வுதான்.

குழி எப்படி வருது? சாதாரண பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். நம்ம சென்னைக் காத்தைப் பத்திச் சொல்லணுமா? அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் துணியே காயாது. வருஷக்கணக்கா ஓடாம நிக்கிற வண்டியில அந்த ஈரம் ஒரே இடத்துல உக்காந்து இரும்பை அரிக்கும். தினம் ஓடின கார்ல இருக்கிறதைவிட, பத்திரமா மூடி வெச்ச கார்ல பிரேக் மோசமா இருக்கிறதுக்குக் காரணம் இதுதான்.

இங்கேதான் ஒரு சபலம் வரும். "சிலிண்டர் கிடக்கட்டும் தம்பி, கிட் வாங்கிப் போட்டா போதும். பல வருஷம் ஓடும்"னு யாராவது சொல்வாங்க. கிட் விலை கம்மி. வேலையும் ஒரு மணி நேரத்துல முடிஞ்சுடும். போட்ட அன்னிக்கு பெடல் கல்லு மாதிரி நிக்கும். ஆனா குழி விழுந்த சுவத்துல புது ரப்பர் போறதும் வர்றதுமா இருந்தா, அதோட ஓரம் கிழிய ஆரம்பிக்கும். எப்போ முழுசா கிழியும்? அதை யாராலயும் சொல்ல முடியாது. அப்போ நீங்க மரியாதையா, "அண்ணே, உள்ளே டார்ச் அடிச்சு நாம ரெண்டு பேரும் ஒரு தடவை பார்த்துடலாமே"ன்னு சொல்லணும். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோச்சுக்கவே மாட்டார்.

குழி இருந்தா ரெண்டு வழி. ஒண்ணு, இந்த வேலை தெரிஞ்ச லேத் பட்டறையில சிலிண்டரைக் குடைஞ்சு, பித்தளை இல்லைன்னா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல ஸ்லீவ் போட்டு, பழைய அளவுக்கே கொண்டு வர்றது. ஒரிஜினல் சிலிண்டர் ஒரிஜினலாவே இருக்கும், துருவும் திரும்ப வராது. ரெண்டு, புது சிலிண்டர். ஜி.பி. ரோடு கடைகள்ல விசாரிங்க. வெளிநாட்டுல டிரையம்ப் கார்களுக்குன்னே ஸ்பேர்ஸ் விக்கிறவங்களும் இருக்காங்க. புதுப்பேட்டையில பழசு கிடைக்கலாம். ஆனா அதுவும் உங்க சிலிண்டரை மாதிரியே வயசானது. அதுக்கும் நக டெஸ்ட் கட்டாயம்.

அளவு முக்கியம். 'கொஞ்சம் பெருசு, ஆனா உக்காருது'ன்னு போட்டுடாதீங்க. விட்டம் 5/8 இன்ச்லேர்ந்து 3/4 இன்ச் ஆனா வித்தியாசம் 1/8 இன்ச்தான். ஆனா பரப்பு 44 சதவிகிதம் கூடிடும். அதே மிதிக்கு அழுத்தம் சுமார் 30 சதவிகிதம் குறைஞ்சுடும். கால் வலிக்க மிதிச்சாலும் வண்டி தள்ளிப் போய்த்தான் நிக்கும்.

புது ரப்பர், புது ஆயில்

கிட் வாங்கும்போது பாக்கெட்ல தேதியைப் பாருங்க. கடை அலமாரியில இருந்தாலும் ரப்பருக்கு வயசாகும். வளைச்சுப் பார்த்தா வெடிப்பு தெரியக் கூடாது. மாட்டும்போது புது பிரேக் ஆயில்ல முக்கி, விரலால தள்ளி மாட்டணும். ஸ்க்ரூடிரைவர் முனை பட்டா காயம். கிண்ணத்தோட உதடு அழுத்தம் வர்ற பக்கம் பார்த்து இருக்கணும். கிரீஸ், இன்ஜின் ஆயில் பக்கத்துலயே வர வேண்டாம்.

டப்பாவுல டாட் 3, டாட் 4-னு போட்டிருக்கும். புது டாட் 3 ஆயில் குறைஞ்சது 205 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்கக் கூடாதுங்கிறது விதி. 3.7 சதவிகிதம் தண்ணி சேர்ந்த பிறகு அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிடும். டாட் 4-க்கு 230, 155. கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவுல, பிரேக் மேல பிரேக் போட்டு இறங்கும்போது ஈரமான ஆயில் கொதிச்சா என்னாகும்? ஆவிக் குமிழி வரும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் நேரா தரைக்குப் போயிடும். அதனால ஓடினாலும் ஓடாட்டியும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்துங்க. திறந்து பல மாசம் ஆன டப்பாவைத் தொடாதீங்க.

திரும்ப மாட்டும்போது பெடலுக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல துளி இடைவெளி இருக்கணும். அது இல்லைன்னா வால்வு முழுசா திறக்காது. சூட்டுல ஆயில் விரிஞ்சு, மிதிக்காமலே பிரேக் பிடிச்சுக்கும்.

மிதி... பிடி... விடு!

அடுத்தது ஏர் எடுக்கிறது. இதுக்கு ஒரு ஃப்ரெண்ட் அவசியம். ஒருத்தர் சீட்ல, ஒருத்தர் சக்கரத்துக்கிட்ட. மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரமா இருக்கிற நிப்பிள்லேர்ந்து ஆரம்பிங்க. நிப்பிள்ல ஒரு ட்யூப், அதோட மறுமுனை கொஞ்சம் ஆயில் இருக்கிற பாட்டிலுக்குள்ள. "மிதி"ன்னா மெதுவா மிதிச்சுப் பிடிக்கணும். நிப்பிளைத் திறந்தா குமிழியோட ஆயில் வரும். மூடின பிறகுதான் "விடு". முன்னாடியே விட்டா காத்து திரும்ப உள்ளே போயிடும். மேல் டப்பா காலியாகாம ஊத்திக்கிட்டே இருக்கணும். பாட்டிலுக்கு வந்த ஆயிலை மறுபடி ஊத்தக் கூடாது.

டிரம்மைத் திறக்கிறீங்கன்னா உள்ளே இருக்கிற தூசியை வாயால ஊதாதீங்க. பழைய பிரேக் லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத் துணியால துடைங்க.

முடிஞ்சதும், மறுபடி அந்த ஒரு நிமிஷ டெஸ்ட். பெடல் அசையாம நிக்கணும். அப்புறம் காம்பவுண்டுக்குள்ள நடை வேகம். அப்புறம் காலையில ஆளில்லாத தெரு. ஹேண்ட் பிரேக்கையும் தனியா சோதிச்சுக்குங்க. உஸ்மான் ரோடும் ரங்கநாதன் தெரு முனையும் டெஸ்ட் டிராக் கிடையாது. பெரிய வேலையை முதல் தடவை செய்றப்போ அனுபவம் உள்ள மெக்கானிக் ஒருத்தர் பக்கத்துல இருந்தே ஆகணும்.

ஒத்தையா, ரெட்டையா?

கடைசியா, கேன்டீன்ல உக்காந்து சண்டை போட ஒரு டாபிக். ஒத்தை சர்க்யூட் இவ்வளவு ஆபத்துன்னா, புது கார் மாதிரி ரெட்டை சிலிண்டர் மாத்திடலாமே? காலேஜ் டீம்கள் சொந்தமா வண்டி கட்டி ஓட்டுற பாஹா போட்டியிலயே ரெண்டு தனித்தனி சர்க்யூட் கட்டாயம். பிரேக் டெஸ்ட்ல நாலு சக்கரமும் லாக் ஆகலைன்னா ரேஸுக்கே விட மாட்டாங்க. தாத்தா வண்டிக்கு மட்டும் ஏன் சலுகை?

மறுபக்கம், அந்தக் காலத்து இன்ஜினீயரிங்கை அப்படியே காப்பாத்துறதுதானே விண்டேஜ்? 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருஷத்துக்கு மேலான, சேஸிஸ், பாடி, இன்ஜினைப் பெருசா மாத்தாத வண்டிகளை விண்டேஜ்னு தனியா பதிவு பண்ணி, 'வி.ஏ.'ன்னு நம்பர் வாங்கலாம். அப்படி வாங்கினா தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பண்ண, இந்த மாதிரி வேலைக்கு மட்டும்தான்.

நம்ம கட்சி? வருஷத்துக்கு நாலு நாள் ராலிக்குப் போற வண்டின்னா, ஸ்லீவ் போட்ட ஒரிஜினல் சிலிண்டர், நேரத்துக்கு ஆயில் மாத்துறது, கச்சிதமான ஹேண்ட் பிரேக், இது போதும். தினம் காலேஜுக்கு ஓட்டப் போறீங்கன்னா ரெட்டை சர்க்யூட் பத்தி யோசிக்கிறதுதான் நியாயம். ஆனா சிலிண்டரை மட்டும் மாத்தினா அது ரெட்டை ஆகாது. பைப்பைப் பிரிக்கணும், அளவைக் கணக்குப் போடணும், பெடல் ஓடுற தூரத்தைப் பார்க்கணும். அரைகுறை ரெட்டையைவிட உருப்படியான ஒத்தை மேல்!

ராலியில வேடிக்கை பார்க்க வர்றவங்க க்ரோமைத்தான் பார்ப்பாங்க. பார்க்கட்டும். நீங்க போற அடுத்த ராலியில ஒரு ஓனரைப் பிடிச்சு, "அங்கிள், பிரேக் ஆயில் கடைசியா எப்போ மாத்தினீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. தேதியோட பதில் சொல்றவர்தான் நிஜமான காதலர். அவர் வண்டியில ரவுண்டு கேக்கலாம், தைரியமா ஏறலாம்!